ஒரே டிஸ்கில் விண்டோஸும் லினக்ஸும்: பார்ட்டிஷன் பிரிக்க முழுமையான வழிகாட்டி

அக்கா வீட்டுக்காரர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கணக்கு வழக்கெல்லாம் டேலியில். டேலி விண்டோஸில்தான் ஓடும். அதே லேப்டாப்பில்தான் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகளும் புரோகிராம் எழுதிப் பழகுகிறாள். அவளுக்கு லினக்ஸ் வேண்டும், விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு சிஸ்டம் அது. லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர். விண்டோஸ் 11-க்கான பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. புது லேப்டாப் வாங்க இப்போது கையில் காசு இல்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். டேலிக்கு விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும், படிப்புக்கும் இணையத்துக்கும் லினக்ஸ் வேண்டும், இரண்டும் ஒரே டிஸ்கில் ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் இருக்க வேண்டும். அன்று நாங்கள் செய்ததையே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் கணினி வேறு மாதிரி இருந்தால் எந்த இடத்தில் என்ன மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்படி இரண்டையும் சேர்த்து வைப்பது நம் ஊருக்குப் புதிது இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அந்த லேப்டாப்பை வாங்கிய எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டுப் படம் சேமிக்க வைத்துக்கொண்டார்கள். அது என்ன, எதற்கு என்று அவர்களுக்கு உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

டிஸ்க் ஒரு சர்வே எண் மாதிரி

அக்கா மகள் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது: “மாமா, சி டிரைவைச் சுருக்கினா அப்பாவோட டேலி டேட்டா போயிடுமா?”

போகாது. சுருக்குவது வேறு, அழிப்பது வேறு. இந்த வித்தியாசம் மனதில் நின்றுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

எங்கள் காபித் தோட்டத்தைப் பங்கு பிரித்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அதை வைத்தே சொன்னேன். மொத்த டிஸ்க் ஒரு சர்வே எண். பார்ட்டிஷன்கள் அதன் உட்பிரிவுகள். எந்த உட்பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்து வைத்த புலப்படம்தான் பார்ட்டிஷன் டேபிள். நிலத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் உங்கள் ஃபைல்கள். எல்லைக்கல்லைச் சரியாக நகர்த்தினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மரம் நிற்கும் இடத்தில் போய்க் கல்லை நட்டால்தான் சிக்கல்.

புலப்படத்தில் இரண்டு வகை உண்டு. பழையது எம்பிஆர். 1983 முதல் இருந்து வருகிறது. அதில் நேரடி உட்பிரிவு நான்குதான் போட முடியும், டிஸ்க் 2 டெராபைட்டுக்கு மேல் போனாலும் அதற்குக் கணக்கு வராது. புதியது ஜிபிடி. அதில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. அந்தப் படத்தின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும், பட்டா நகல் ஒன்றை வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது போல. கடந்த பத்து வருடத்தில் விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் ஜிபிடிதான்.

முதலில் காப்பி, அப்புறம்தான் கத்தி

இதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் தாண்டிப் போவார்கள். நானும் ஒருமுறை தாண்டிப் போனேன். மழைக்காலம். வீட்டில் இருந்தது யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப். டி டிரைவின் தொடக்கத்தை இடப்பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். முக்கால்வாசி ஓடியபோது எங்கோ மரம் கம்பி மேல் சாய்ந்து மின்சாரம் போய்விட்டது. அந்த டிரைவில்தான் அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒரு பகுதியை மீட்டேன். பெயரும் தேதியும் இல்லாமல் வெறும் எண்களாக வந்தன. மீதி போனது போனதுதான்.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று, இழக்க முடியாதது எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்கில் காப்பி எடுங்கள். காப்பி எடுத்ததும் நிறுத்திவிடாமல் அதிலிருந்து நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள். டேலி என்றால் அதன் டேட்டா ஃபோல்டரை முழுவதுமாக எடுக்க வேண்டும். இரண்டு, லேப்டாப் பேட்டரி முழுதாக இருக்கட்டும், சார்ஜரும் சொருகியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். சேலத்தில் இருப்பவர்கள் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு வேறொரு நாளில் உட்காருங்கள்.

இருப்பதைப் படித்துத் தாளில் வரையுங்கள்

ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கும். திறந்தால் கீழ்ப்பாதியில் டிஸ்க் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். அதை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். கட்டம், அளவு, பெயர் மூன்றும் வேண்டும். நான் இதைச் செய்யாமல் எந்தக் கணினியையும் தொடுவதில்லை. லினக்ஸ் இன்ஸ்டாலருக்குள் போன பிறகு சி டிரைவ், டி டிரைவ் என்ற பெயரெல்லாம் தெரியாது. அளவும் வரிசையும்தான் உங்களுக்கு அடையாளம்.

எங்கள் தாளில் வந்தது இது. டிஸ்கின் மேல் 1 டெராபைட் என்று அச்சடித்திருந்தாலும் விண்டோஸ் காட்டியது 931 ஜிபி. இடம் எங்கும் காணாமல் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. இடது ஓரத்தில் 100 எம்பியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அடுத்து சி டிரைவ் ஏறக்குறைய 930 ஜிபி, அதில் நிரம்பியது 310. வலது ஓரத்தில் 500 எம்பி சொச்சத்தில் ரெக்கவரி. இஎஃப்ஐக்கும் சி டிரைவுக்கும் நடுவே 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்த ஒரு துண்டும் உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, ஆனால் பின்னால் லினக்ஸில் பார்க்கும்போது தெரியும். இது என்ன புதிதாக என்று குழம்பி அதை அழித்துவிடாதீர்கள்.

இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். பங்கு பிரிக்கும்போது ரோட்டிலிருந்து எல்லாருடைய தோட்டத்துக்கும் போகப் பொதுவழி என்று ஒன்று விடுவோம் இல்லையா, இது அதுதான். கணினியை ஆன் செய்ததும் முதலில் வருவது இங்கேதான். விண்டோஸைக் கிளப்பும் சின்னஞ்சிறு புரோகிராம் இங்கே ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. லினக்ஸின் புரோகிராமும் பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டரில் வந்து உட்காரும். அதற்குச் சில எம்பி போதும். ஆகவே லினக்ஸுக்கென்று தனியாக ஒரு இஎஃப்ஐ வேண்டாம், இருப்பதையே பயன்படுத்தலாம். ஃபார்மட் மட்டும் செய்யவே கூடாது. செய்தால் விண்டோஸுக்கு வாசல் அடைந்துவிடும். லினக்ஸின் மையப் புரோகிராமான கெர்னலையே இஎஃப்ஐக்குள் வைக்கும் சில லினக்ஸ் வகைகளுக்கு மட்டும் 100 எம்பி போதாது. லினக்ஸ் வகைகளான உபுண்டு, நாங்கள் போட்ட மின்ட் இரண்டுக்கும் அந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்து இரண்டு சோதனை. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க் 0 என்ற எழுத்தின் மேல் வலது கிளிக், பிராபர்ட்டீஸ், வால்யூம்ஸ். அங்கே பார்ட்டிஷன் ஸ்டைல் ஜிபிடியா எம்பிஆரா என்று இருக்கும். அப்புறம் ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே எழுந்து கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள். புதிய முறையான யூஇஎஃப்ஐ என்றோ பழைய முறையான லெகசி என்றோ இருக்கும். தாளின் மூலையில் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எந்த மோடில் இருக்கிறதோ அதே மோடில்தான் லினக்ஸையும் போட வேண்டும்.

விண்டோஸின் இரண்டு பூட்டுகள்

முதல் பூட்டு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காகப் பாதியை டிஸ்கில் எழுதிவைத்துத் தூங்கப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸில் இருந்து சி டிரைவைத் தொட்டால் படிக்க மட்டும்தான் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல்கள் கெட வாய்ப்பு உண்டு. இதை நிரந்தரமாக அணைத்துவிடுவதே நல்லது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஆங்கில எழுத்தில் இப்படித் தட்டுங்கள்: பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடும் ஹெச்சும், ஒரு இடைவெளி, ஆஃப். இதனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும், திறந்திருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதிவைத்துத் தூங்கும் ஹைபர்னேஷனும் சேர்ந்தே அணையும். ஹைபர்னேஷனுக்காக சி டிரைவில் கிடந்த பல ஜிபி ஃபைலும் போய்விடும். அடுத்த கட்டத்தில் சுருக்கும்போது அதனால் ஒரு உதவியும் இருக்கிறது.

இரண்டாவது பூட்டு பிட்லாக்கர். பல லேப்டாப்களில், முக்கியமாக மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் உள்ளே போகும் லேப்டாப்களில், நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடிப் பாருங்கள். ஆன் என்று இருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுக்குள் போய் எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இல்லாமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டு விண்டோஸைக் கிளப்பினால் அந்த எண்ணைக் கேட்டு நிற்கலாம். இல்லாவிட்டால் உள்ளே போக வேறு வழி கிடையாது. எண்ணை எடுத்த பிறகு என்கிரிப்ஷனை அணைத்துவிட்டு வேலை பார்ப்பது எளிது. டிஸ்க் பெரிதாக இருந்தால் பூட்டு அவிழ நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

யாருக்கு எவ்வளவு

லினக்ஸ் மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கிறது. 100 ஜிபி இருந்தால் நிம்மதி. நாங்கள் 200 ஜிபி எடுத்தோம். சி டிரைவில் 310 நிரம்பியிருந்தது. சுருக்கிய பிறகு அதற்கு 730 மிஞ்சும், பட்டறைக் கணக்குக்குப் பல வருடம் தாங்கும். நிரம்பிய அளவை ஒட்டிக் கல் நடாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். நிரம்பியதற்கு மேல் 50 ஜிபியாவது காலியாக விட்டு வையுங்கள்.

லினக்ஸுக்கு வந்த பங்கை ரூட், ஹோம் என்று இரண்டாகப் பிரிப்பது என் வழக்கம். ரூட் என்பது லினக்ஸ் சிஸ்டம் உட்காரும் இடம், ஒற்றைச் சாய்கோட்டால் குறிப்பார்கள். ஹோம் நம் ஃபைல்கள் இருக்கும் இடம். தனித்தனியாக இருந்தால் நாளைக்கு வேறு லினக்ஸ் போட ஆசைப்பட்டாலும் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு ஹோமைத் தொடாமல் விடலாம். மொத்தமே 60 ஜிபிக்குள்தான் லினக்ஸுக்குத் தர முடியும் என்றால் பிரிக்க வேண்டாம். ஒன்றில் இடம் காலியாகக் கிடக்க, இன்னொன்று நிரம்பி நின்றுவிடும்.

ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் டிஸ்க் இடம் ஸ்வாப். அதற்குத் தனிப் பார்ட்டிஷன் போடும் பழக்கம் முன்பு இருந்தது. உபுண்டு 17.04-ல் இருந்து ஸ்வாப் ஒரு ஃபைலாகத் தானே அமைந்துவிடுகிறது, மின்ட்டிலும் அப்படியே. லினக்ஸில் ஹைபர்னேட் செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் மட்டும் ரேமின் அளவுக்குக் குறையாமல் ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் போடுங்கள்.

சி டிரைவைச் சுருக்குதல்

இதை விண்டோஸுக்குள் இருந்தே செய்யுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலராலும் முடியும், லினக்ஸின் பார்ட்டிஷன் மென்பொருளான ஜிபார்ட்டட்டாலும் முடியும். ஆனால் தன் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் சி டிரைவின் பிராபர்ட்டீஸில் டூல்ஸ் போய், பிழை இருக்கிறதா என்று செக் கொடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் சி மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். எவ்வளவு சுருக்க வேண்டும் என்று எம்பியில் கேட்கும். 200 ஜிபி என்றால் 200-ஐ 1024-ஆல் பெருக்கி 204800 கொடுக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கேட்பது வெட்டி எடுக்கும் அளவு. மிஞ்ச வேண்டிய அளவு என்று நினைத்து எண்ணைப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு முதல் முறை சரியாக வரவில்லை. 600 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 90 ஜிபிக்குச் சொச்சம்தான் சுருக்க முடியும் என்றது. காரணம், நகர்த்த முடியாத ஃபைல்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் சேமிப்புகள், டிரைவின் சொந்த அட்டவணை போன்றவை டிஸ்கின் நடுவில் எங்காவது வேர்விட்டு நின்றால், விண்டோஸ் அதற்கு இடப்பக்கம் கல் நடாது. வழி இதுதான். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் பர்ஃபாமன்ஸ் பகுதிக்குள் போய் வர்ச்சுவல் மெமரியில் பேஜிங் ஃபைல் வேண்டாம் என்று கொடுங்கள். சிஸ்டம் புரொடக்ஷனில் சி டிரைவுக்கு அணையுங்கள். பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் அழிந்துவிடும், அது தெரிந்தே செய்யுங்கள். ஹைபர்னேஷனை ஏற்கெனவே அணைத்துவிட்டோம். ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஷ்ரிங்க் கொடுத்தால் அளவு ஏறியிருக்கும். எங்களுக்கு ஏறியது. வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடக்ஷனையும் மறுபடி ஆன் செய்துவிட வேண்டும்.

முடிந்ததும் சி டிரைவுக்கு வலப்பக்கம் கறுப்புப் பட்டையோடு அன்அலகேட்டட் என்று 200 ஜிபி தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து அதற்கு ஓர் எழுத்துப் பெயர் சூட்ட வேண்டாம். லினக்ஸ் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொள்ளும். இப்போது விண்டோஸை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, டேலி திறக்கிறதா, போன வாரக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

இங்கே ஒரு விஷயம். பார்ட்டிஷனின் வலது முனையை உள்ளே இழுப்பது சின்ன வேலை, அங்கே இருக்கும் கொஞ்சம் ஃபைலை மட்டும் ஒதுக்கினால் போதும். இடது முனையை நகர்த்துவது அப்படி இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டும் எடுத்து வேறு இடத்தில் நடப்பட வேண்டும். ஹார்ட் டிஸ்கில் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் நின்றால் பாதி பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். என் படங்கள் போனது இப்படித்தான். காலி இடம் தோதான இடத்தில் இல்லை என்பதற்காக எந்தப் பார்ட்டிஷனையும் இடம் மாற்றாதீர்கள். கடைசியில் ரெக்கவரி நிற்கிறதா, நிற்கட்டும். நடுவில் இருக்கும் காலி இடத்திலேயே லினக்ஸ் நன்றாக ஓடும்.

பென்டிரைவ்

லினக்ஸை நிறுவ 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. இணையத்திலிருந்து இறக்க வேண்டிய அதன் ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. ஹார்ட் டிஸ்க் பழையதாக, ரேம் 4 ஜிபியாக இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், இலகுவாக ஓடும். இறக்கியதும், ஃபைல் பழுதில்லாமல் முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபாருங்கள். மலையில் நெட் விட்டு விட்டு வருவதால் பாதி இறங்கிய ஃபைலோடு நான் மல்லுக்கட்டியது உண்டு. ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் பென்டிரைவில் எழுதலாம். விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்று தாளில் குறித்திருந்தால் ரூஃபஸிலும் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்றே தேர்ந்தெடுங்கள்.

நிறுவுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

பென்டிரைவைச் சொருகி, ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று உங்கள் லேப்டாப்புக்கு உரிய கீயை அழுத்தினால் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும். அங்கீகாரம் உள்ள சிஸ்டத்தை மட்டும் எழ விடும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, உபுண்டுவும் மின்ட்டும் அதோடு ஒத்துப்போகும். டெஸ்க்டாப் வந்ததும் உடனே இன்ஸ்டால் ஐகானில் கை வைக்காதீர்கள். வைஃபை எடுக்கிறதா, டச்பேட், சத்தம், வெளிச்சக் கீகள் வேலை செய்கின்றனவா என்று பத்து நிமிடம் பாருங்கள். இந்தக் கட்டத்தில் டிஸ்கில் எதுவும் எழுதப்படவில்லை.

பிறகு ஜிபார்ட்டட்டைத் திறந்து பார்க்க மட்டும் செய்யுங்கள். சாட்டா டிஸ்க் என்றால் எஸ்டிஏ என்று பெயர் வரும், அதன் துண்டுகள் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று போகும். புதிய எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ என்று தொடங்கும். அந்த மாதிரி லேப்டாப்பில் எஸ்டிஏ என்பது நீங்கள் சொருகிய பென்டிரைவாகக்கூட இருக்கலாம். பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். கையில் இருக்கும் தாளையும் திரையையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். 100 எம்பி, 16 எம்பி, 730 ஜிபி, காலி 200, ரெக்கவரி. இந்த வரிசை பொருந்தினால்தான் மேலே போக வேண்டும்.

டிஸ்கே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் பயாஸில் ஸ்டோரேஜ் மோட் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய், பிறகு சாதாரண மோடுக்குத் திரும்புங்கள்.

இன்ஸ்டாலருக்குள்

மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டு முடித்ததும் இன்ஸ்டாலேஷன் டைப் என்று ஒரு பக்கம் வரும். அதில் இரேஸ் டிஸ்க் என்று ஒன்று இருக்கும். அக்கா மகளிடம் விரலை வைத்துக் காட்டிச் சொன்னேன், அப்பாவின் டேலியை அழிக்கிற பட்டன் இதுதான் என்று. அலாங்சைடு என்று வருவது விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸ் போடும், தவறில்லை. ஆனால் எங்கே எவ்வளவு என்பதை அதுவே தீர்மானிக்கும். நாம் அளந்து வைத்திருக்கிறோம், ஆகவே சம்திங் எல்ஸ்.

பட்டியல் வரும். ஃப்ரீ ஸ்பேஸ் என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸில் 204800 என்று கொடுத்த இடம் இங்கே ஏறக்குறைய 214748 எம்பி என்று தெரியும். இன்ஸ்டாலர் ஆயிரமாக எண்ணுகிறது, இடம் அதேதான்.

அந்த வரியைத் தேர்ந்தெடுத்து கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவு 60000. வகை பிரைமரி, இடத்தின் தொடக்கத்தில். யூஸ் ஆஸ் என்பதில் லினக்ஸின் ஃபைல் அமைப்பான இஎக்ஸ்டி4. மவுன்ட் பாயின்டில் ஒற்றைச் சாய்கோடு. இது ரூட். மறுபடி மிச்ச ஃப்ரீ ஸ்பேஸைத் தேர்ந்தெடுத்து கூட்டல் குறி. அளவை மாற்றாமல் மீதி முழுவதையும் விடுங்கள். இதுவும் இஎக்ஸ்டி4, மவுன்ட் பாயின்டில் சாய்கோட்டோடு ஹோம். இனி 100 எம்பி இஎஃப்ஐ வரியைப் பாருங்கள். இஎஃப்ஐ என்று தானாகவே அடையாளம் கண்டிருக்கும். இல்லையென்றால் சேஞ்ச் கொடுத்து இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று தேர்ந்தெடுங்கள். அந்த வரியில் ஃபார்மட் பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. பொதுவழி, நினைவிருக்கட்டும். கீழே, சிஸ்டத்தைக் கிளப்பும் புரோகிராமான பூட் லோடர் போகும் இடம் கேட்கும். லினக்ஸ் போகும் அதே டிஸ்கின் பெயர் அங்கே இருக்கட்டும், பென்டிரைவின் பெயர் வேண்டாம்.

இன்ஸ்டால் நவ் அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வந்து, எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகப் போகிறது என்று சொல்லும். பலர் இதைப் படிக்காமல் கன்டின்யூ கொடுத்துவிடுகிறார்கள். இந்த முழு வேலையிலும் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றால் அது இந்தப் பெட்டிதான். இன்ஸ்டாலரில் இதுவரை செய்ததெல்லாம் தாளில் போட்ட கோடு மாதிரி. இதற்கு அப்புறம்தான் மண்ணில் கல் விழும். அதில் இஎக்ஸ்டி4 என்று இரண்டு வரி மட்டும் இருக்க வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்றோ இஎஃப்ஐயின் ஃபேட்32 என்றோ ஒரு வார்த்தை ஃபார்மட் பட்டியலில் கண்ணில் பட்டாலும் கோ பேக் கொடுத்துத் திரும்பிவிடுங்கள். நாங்கள் மூவரும் சத்தமாகப் படித்துவிட்டு அக்கா மகளையே அழுத்தச் சொன்னோம்.

அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

எழுந்த பிறகு

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் கிரப் என்ற பட்டியல் வர வேண்டும், மின்ட் ஒரு வரி, விண்டோஸ் ஒரு வரி. பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் வந்தால் கலங்க வேண்டாம். பயாஸில் பூட் ஆர்டரில் உபுண்டு என்று ஒரு பெயர் இருக்கும், மின்ட் போட்டாலும் அந்தப் பெயரில்தான் வரும். அதை மேலே ஏற்றுங்கள். இரண்டுக்குள்ளும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிட்லாக்கர் கேட்டால் தாளில் எழுதிய எண்ணைக் கொடுங்கள்.

விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கலாம். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. பில்லில் தேதி மாறிப்போனால் பட்டறைக்குத் தலைவலி. லினக்ஸ் டெர்மினலில் ஆங்கில எழுத்தில் டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட்-லோக்கல்-ஆர்டிசி, இடைவெளி, 1 என்று தட்டினால் இரண்டும் ஒத்துப்போகும்.

கீபோர்டு பட்டியலில் தமிழ்நெட் 99 நேரடியாகவே இருக்கிறது. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டில் ஏற்கப்பட்ட அதே அமைப்பு. தனியாக எதையும் இறக்காமல் தமிழில் தட்டலாம். அக்கா மகள் முதலில் தட்டிப் பார்த்தது பட்டறையின் பெயரை.

லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்து ஃபைல் எடுக்க முடியும். விண்டோஸால் இஎக்ஸ்டி4-ஐத் தானாகப் படிக்க முடியாது. இரண்டு பக்கமும் தேவைப்படும் ஃபைலை விண்டோஸ் பக்கமே வையுங்கள்.

பழைய எம்பிஆர் கணினி என்றால்

தாளில் எம்பிஆர், லெகசி என்று குறித்தவர்கள் கட்டங்களை எண்ணுங்கள். ஏற்கெனவே நான்கு பிரைமரி, அதாவது நேரடி உட்பிரிவு, இருந்தால், காலி இடம் எவ்வளவு இருந்தாலும் ஐந்தாவது போட முடியாது. ஐந்தாவதைப் போட டிஸ்க் மேனேஜ்மென்டில் முயன்றால் டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றினால் லினக்ஸ் இன்ஸ்டாலரால் அங்கே வேலை செய்ய முடியாது. நான்கில் ஒன்று டேட்டா மட்டும் உள்ள டிரைவ் என்றால், அதை வெளியே காப்பி எடுத்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் ஒன்று போட்டு, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களாக லினக்ஸைப் போடலாம். லாஜிக்கலில் லினக்ஸ் குறையில்லாமல் ஓடும். இங்கே இஎஃப்ஐ கிடையாது, கிரப் டிஸ்கின் முதல் செக்டரில் உட்காரும்.

பின்னால் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால் வரிசை முக்கியம். யூஇஎஃப்ஐ கணினியில் முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேராக எழுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸின் இரண்டு பார்ட்டிஷனை மட்டும் அழித்து, சி டிரைவை எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். எம்பிஆர் கணினியில் விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்கில் பூட் செய்து முதல் செக்டரைப் பழையபடி எழுதிய பிறகே லினக்ஸ் பார்ட்டிஷனைத் தொட வேண்டும். வரிசையை மாற்றினால் கிரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரையில் வந்து நிற்கும்.

புதிய பிரிவுகளையும் அளவுகளையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் அக்கா மகளே வரைந்தாள். அதை மடித்து லேப்டாப் பையில் வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் அடிவாரம் போய்ச் சேர வேண்டும் என்று இருவரும் கிளம்பினார்கள்.